விளக்கடியில் வரும் புலிகள்



புலியை நாம் எங்கே காண்கிறோம்? மலேசிய அரசுச் சின்னத்தில் இரண்டு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. சிங்கப்பூர்ச் சின்னத்தில் சிங்கத்துக்கு எதிர்ப்புறம் ஒரு புலி நிற்கிறது. உயிரியல் பூங்காவில் கம்பிக்குப் பின்னால் ஒன்று படுத்திருக்கும். மற்றபடி, காட்டுப் புலியைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால் இன்று நாம் பேசப் போகும் புலியைக் காண்பதற்குக் காட்டுக்குள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மழை ஓய்ந்த இரவில், லயத்து விளக்கின் கீழோ, மலைவாசத்தலத்து விடுதியின் வெள்ளைச் சுவரிலோ அது வந்து அமர்ந்திருக்கும். பெரும்பாலும் விரல்நுனி அளவு, சில வேளை உள்ளங்கையில் பாதி. இதற்குப் புலி விட்டில் என்று பெயர்.

விட்டில் என்றும், அந்துப்பூச்சி என்றும், இராப்பூச்சி என்றும் நாம் அழைக்கும் கூட்டத்தில் இது ஒரு பெரிய பிரிவு. உலகில் ஏறத்தாழ 11,000 இனங்கள் இப்பிரிவில் உள்ளன. பழைய நூல்களில் இதனைத் தனிக் குடும்பமாகவே பிரித்திருப்பார்கள். 2010ஆம் ஆண்டை ஒட்டி வந்த மரபணு ஆராய்ச்சிகளுக்குப் பிறகு, எரபிடே என்னும் மிகப் பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாக இதனைச் சேர்த்துவிட்டார்கள். நூலகத்தில் பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் இதனால் குழம்ப வேண்டாம். பூச்சி மாறவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது.

புலி என்ற பெயர் இறகிலுள்ள வரிகளாலும் புள்ளிகளாலும் வந்தது. ஆனால் விஞ்ஞானிகள் வைத்த ஆர்க்டியினே என்ற பெயருக்கு வேர், கரடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல். காரணம் இதன் புழு. உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். நாம் கம்பளிப்பூச்சி என்று சொல்கிறோமே, அவற்றுள் பல இந்தக் குடும்பத்துக் குழந்தைகள்தாம். ஆக, பிள்ளைப் பருவத்தில் கரடி, வளர்ந்தபின் புலி.

இதனை எப்படி அடையாளம் காண்பது? முதலில் அது உட்கார்ந்திருக்கும் முறையைப் பாருங்கள். பல புலி விட்டில்கள் இறகுகளைக் கூரை போல் உடம்பின் மேல் சரித்து மூடிக்கொண்டு அமரும். மேலே தெரிவது முன்னிறகு. அது பல இனங்களில் வெள்ளையாகவோ வெளிறிய பழுப்பாகவோ அடக்கமாக இருக்கும். உள்ளே மறைந்திருக்கும் பின்னிறகும் வயிறும்தான் குங்குமச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். ஒரு புல் நுனியால் மெல்லத் தொட்டால் சில இனங்கள் பறந்தோடுவதில்லை. இறகை விரித்துச் சிவப்பைக் காட்டும். இன்னும் சில, செத்தது போல் காலை மடக்கிக்கொண்டு கீழே விழுந்து, சிவந்த வயிறு தெரியும்படிக் கிடக்கும். கழுத்தருகே மஞ்சள் நுரையைக் கக்கும் இனங்களும் உண்டு. ஓடி ஒளிகிற பூச்சியின் நடத்தையா இது? ‘என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு’ என்று அறிவிக்கிற பூச்சியின் நடத்தை.

நம் பகுதியில் மிக எளிதாகக் காணக்கூடியது கிரியாடோனோடஸ் என்னும் இனம். முன்னிறகு வெளிறிய சாம்பல் அல்லது பழுப்பு நிறம். அதன்மேல் கரிக்கோல் கொண்டு இழுத்தது போன்ற கருங்கோடுகள். வயிறு சிவப்பு, சிலவற்றில் மஞ்சள். அதன் முதுகுப் புறத்தில் கரும்புள்ளிகள் வரிசையாகப் பொட்டு வைத்தது போல் இருக்கும். 2018ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிலிருந்து ஒரு காணொளி கைத்தொலைபேசிகளில் பரவியது நேயர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரு பூச்சியின் வாற்புறத்திலிருந்து மயிரடர்ந்த நான்கு நீண்ட குழல்கள் வெளிவந்து அசைகின்றன. பார்த்தவர்கள் ‘இது என்ன பேயா?’ என்று அஞ்சினார்கள். அது பேயுமன்று, வேற்றுலக உயிருமன்று. நம் கிரியாடோனோடஸ் ஆண் பூச்சிதான். அந்தக் குழல்களைக் காற்றடைத்து ஊதிப் பெருக்கி, அதிலிருந்து மணத்தைப் பரப்பித் துணையை அழைக்கிறது.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. அந்தக் குழல்கள் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது, அந்தப் பூச்சி புழுவாக இருந்தபோது எதைத் தின்றது என்பதைப் பொறுத்தது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான மிகாயேல் பொப்ரேயும் டீட்ரிக் ஷ்னைடரும் 1980களில் இதனை ஆராய்ந்தார்கள். சில செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் கசப்பு நஞ்சு உண்டு. அதனை நிறையத் தின்று வளர்ந்த ஆண் புழு பெரிதானதும், வயிற்றைவிட நீளமான மணக்குழல்களைப் பெறுகிறது. அந்த நஞ்சே கிட்டாமல் வேறு தழை தின்று வளர்ந்ததற்குக் குழல்கள் சிறுத்துப் போகின்றன; மணமும் இல்லை. இள வயதில் உண்டது பிற்காலத்தில் உடலில் தெரியும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதை இந்தப் பூச்சி அப்படியே மெய்ப்பிக்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே ஊட்டம் தருவது நஞ்சு!

நஞ்சு என்று சொன்னோமே, அது எந்தச் செடியில்? நேயர்களுக்கு நன்றாகத் தெரிந்த செடி ஒன்றையே சொல்லலாம்: கிலுகிலுப்பை. மஞ்சள் பூப்பூத்து, காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதைகள் கிலுகிலுவென ஒலிக்கும். சாலையோரத்திலும் வெற்று நிலத்திலும் தானாக முளைக்கும். மண்ணுக்குப் பசுந்தாள் உரமாக வளர்ப்பதும் உண்டு. இந்தச் செடியில் ஆரஞ்சு நிற இறகில் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகளுடன் ஒரு பூச்சி இருந்தால் அது ஆர்ஜினா. அதன் புழு இலையைத் தின்பதோடு காயையும் குடைந்து விதையைத் தின்னும். வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி தெளித்தது போல் இருந்தால் அது யூடெதெய்சா. புல்லில் நாம் நடக்கும்போது காலடியிலிருந்து எழுந்து, சிறிது தூரம் பறந்து, மீண்டும் புல்லில் இறங்கிவிடும்.

யூடெதெய்சாவின் அமெரிக்க உறவுப் பூச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் ஐஸ்னர். அவர் கண்டவற்றை இங்கே சற்று விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் கதைபோல் சுவையானது. இந்தப் பூச்சி சிலந்தி வலையில் சிக்கினால் சிலந்தி விரைந்து வருகிறது, தொட்டுப் பார்க்கிறது, பின் தானே வலையின் இழைகளை அறுத்துப் பூச்சியை விடுவித்துவிடுகிறது. நஞ்சில்லாத உணவில் வளர்த்த பூச்சியை வலையில் இட்டால் தின்றுவிடுகிறது. இத்தோடு முடியவில்லை. ஆண் பூச்சி இணையும்போது தன் உடம்பிலுள்ள நஞ்சின் ஒரு பகுதியைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதனைத் தன் நஞ்சோடு சேர்த்து முட்டைகளுக்குள் வைக்கிறது. அதனால் முட்டைகளைத் தின்ன வரும் பூச்சிகள் வாய்வைத்துவிட்டு விலகிப் போகின்றன. ஆணின் மணமும் அதே நஞ்சிலிருந்து ஆக்கப்பட்டதுதான். ஆகவே மணத்தை வைத்தே, எவனிடம் கொடுக்க நிறைய இருக்கிறது என்று பெண் பூச்சி கண்டுகொள்கிறது. சீர்வரிசையை மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வரும் வழக்கம் பூச்சி உலகில் இருக்கிறது!

ஓர் எச்சரிக்கை. பூச்சிக்குக் காவலாகும் இந்த நஞ்சு மனிதனின் ஈரலைக் கெடுப்பது. கிலுகிலுப்பையின் காயோ விதையோ குழந்தைகள் வாயில் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பகலில் நிறமும் நஞ்சும் காவல். இருட்டில் நிறம் எதற்கு உதவும்? இரவில் விட்டிலின் பெரும்பகைவன் வௌவால். அது கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. நம் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டுபிடிக்கிறது. இதற்கு எதிராகப் புலி விட்டிலின் மார்பின் பின்புறத்தில் இரண்டு காதுகள் இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் ஒலியை உணர இரண்டே நரம்பணுக்கள்தாம். இரண்டே இரண்டு! ஆயினும் வௌவாலின் குரலைக் கேட்க அவை போதும். கேட்டதும் பல புலி விட்டில்கள் மறுமொழி சொல்கின்றன. மார்பின் பக்கவாட்டில் வரிவரியாக மடிந்த ஒரு தகடு உள்ளது. தகர டப்பாவின் மூடியை அமுக்கி விட்டால் ‘டிக், டிக்’ என்று ஒலிக்குமே, அதுபோல் அந்தத் தகடு உள்வாங்கியும் வெளிவந்தும் ஒலி எழுப்புகிறது. ‘நான் கசப்பு, வராதே’ என்பது அந்த ஒலியின் பொருள். ஒருமுறை கசப்பை ருசித்த வௌவால் அடுத்த முறை ஒலி கேட்டதுமே விலகுகிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் வாழும் பெர்த்தோல்டியா என்னும் இனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நொடிக்கு 4,500 வரை ஒலித்து, வௌவாலின் எதிரொலிக் கணக்கையே குழப்பிவிடுகிறது. இது 2009இல் வெளியான ஆய்வு. வானொலி கேட்கும்போது பக்கத்து அலைவரிசை புகுந்து இரைந்தால் நமக்கு என்ன தொல்லையோ, அதே தொல்லை வௌவாலுக்கு.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். இப்படி வௌவாலுக்கு ஒலியால் மறுமொழி சொல்லும் விட்டில்கள் எத்தனை வகை என்று ஒரு குழு உலகின் பல காடுகளில் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டது. அந்தக் காடுகளுள் ஒன்று மலேசிய போர்னியோ. சோதித்த விட்டிற் பேரினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு ஒலி எழுப்பின. நாம் அமைதி என்று எண்ணும் இரவுக்காடு, நமக்குக் கேளாத கூச்சலால் நிறைந்திருக்கிறது.

எல்லாப் புலி விட்டில்களும் இரவில்தான் வரும் என்பதில்லை. புல்வெளியில் காலை வேளையில் ஒரு குளவி மெதுவாகப் பறந்து வந்து, புல்லில் இறகை விரித்தபடி அமர்ந்தால் உற்றுப் பாருங்கள். குளவிக்கு இத்தனை சோம்பல் கிடையாது. ஒல்லியான இடுப்பு இருக்கும். இதற்கு இடுப்பு இல்லை. கறுத்த இறகில் கண்ணாடிச் சன்னல் வைத்தது போல் ஒளி ஊடுருவும் பகுதிகள். கறுப்பு வயிற்றில் மஞ்சட் பட்டைகள். இது அமாட்டா. கொட்டுவதற்குக் கொடுக்கு இல்லை. குளவியின் உடையைப் போட்டுக்கொண்டு திரியும் புலி விட்டில் இது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றியுள்ள புல்தரையிலும் காணலாம்.

கேமரன் மலை, பிரேசர் மலைச் சாலையோரங்களில் கறுப்பும் வெள்ளையுமாகத் தாழ்வாகப் படபடத்துச் செல்லும் ஒன்றை வண்ணத்துப்பூச்சி என்று பலர் படம் எடுக்கிறார்கள். அது நிக்டெமேராவாக இருக்கக்கூடும்; அதுவும் புலி விட்டிலே. உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு நுனியில் தீக்குச்சித் தலை போல் குமிழ் இருக்கும். இதற்குச் சீப்புப் பல்லைப் போல் இருக்கும்.

பால்மரத்தின் பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்று வாழும் சிறிய புலி விட்டில்களும் பல உண்டு. அவற்றுள் சயானா மிக அழகு: தூய வெள்ளை இறகில் சிவப்பு இழையால் குறுக்குக் கோடிட்டது போல் இருக்கும். இதன் புழு கூட்டுப்புழுவாக மாறுமுன் தன் உடல் மயிரையே எடுத்து, கூண்டு ஒன்று முடைகிறது. சல்லடை போன்ற கூண்டு. நடுவே கூட்டுப்புழு தொங்கும். எறும்பு உள்ளே புக முடியாது. சுவரிலோ மரத்திலோ இப்படி ஒரு சின்னஞ்சிறு கூண்டைக் கண்டால் தட்டிவிடாதீர்கள், பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள்.

புலி போல வேடமிடும் போலிகளும் உண்டு. அசோட்டா என்பது மஞ்சளிலும் ஆரஞ்சிலும் கரும்புள்ளியுடன் வரும். நெருங்கிய உறவுதான், ஆனால் வேறு துணைக்குடும்பம். முகத்தின் முன் இரண்டு சிறு கொம்புகள் மேல்நோக்கி வளைந்திருந்தால் அதுதான். டிஸ்பானியா என்பது மஞ்சளும் ஊதாவுமாகப் பகலில் பறக்கும் பெரிய விட்டில். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே போலிப் புலி விட்டில். அதன் புழு மஞ்சள் நிறம், மயிரில்லாதது, முழம் போட்டு அளப்பது போல் உடலை வளைத்து நடக்கும். கம்பளி இல்லையென்றால் கரடியும் இல்லை, புலியும் இல்லை.

இனி நேயர்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருவோம். கம்பளிப்பூச்சி பட்டால் தடிக்குமே, விட்டிலின் தூள் கண்ணில் பட்டால் கண் குருடாகுமே, இவற்றை ஏன் போற்ற வேண்டும்? விட்டிலின் இறகிலுள்ள தூள் வெறும் செதில். கண்ணில் விழுந்தால் தூசி விழுந்தது போல் உறுத்தும், கழுவினால் போகும். குருடாக்கும் என்பது கதை. புழுவின் மயிர் வேறு செய்தி. புலி விட்டிற் புழுக்களில் பெரும்பாலானவை சற்று அரிப்பைத் தருவதோடு நின்றுவிடும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் ஓலையில் இருந்து நெருப்புப் போல் சுடும் முட்புழு வேறு குடும்பம். தடிப்பும் கொப்புளமும் தரும் சில மயிர்ப்புழுக்களும் வேறு பிரிவு. பார்த்த மாத்திரத்தில் எது எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆகவே எதையும் வெறுங்கையால் தொடவேண்டாம். மயிர் குத்திவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் மயிர் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டு மானாவாரி நிலக்கடலைக் காடுகளைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் சிவப்புக் கம்பளிப்புழுவை அறிந்திருப்பார்கள். கோடை மழை பெய்ததும் மண்ணுக்குள் உறங்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து விட்டில்கள் கூட்டமாக எழும், முட்டையிடும், சில நாளில் புழுக்கள் படைபோல் வயலை மொட்டையடிக்கும். அதுவும் ஒரு புலி விட்டிலின் புழுவே. விளக்குப் பொறி வைத்தும் தீ மூட்டியும் தாய்ப்பூச்சிகளை உழவர் அழித்தார்கள். அது தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான இனங்களில் பயிரை அழிப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் குற்றத்தை எல்லாவற்றின் தலையிலும் சுமத்துவதைத்தான் நாம் ஏற்க முடியாது.

விட்டில் வீட்டுக்குள் வந்தால் விருந்தாளி வருவார் என்பாரும், இறந்தவர் வந்திருக்கிறார் என்பாரும் நம் அண்டை வீடுகளில் உண்டு. 2014 மே, ஜூன் மாதங்களில் சிங்கப்பூரில் லிஸ்ஸா என்னும் பெரிய விட்டில் கூட்டமாக வந்தபோது இந்தப் பேச்சு நிறையக் கேட்டது. அது புலி விட்டில் அன்று. எனினும், அந்த நம்பிக்கையால் பலர் அதனை அடிக்காமல் விட்டார்கள். பூச்சிமருந்துப் புட்டியைத் தேடி ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்றே நமக்குத் தோன்றுகிறது. டெங்கிக்கு எதிராகப் புகையடிப்பது கட்டாயமாகும் நேரங்கள் உண்டு. சுவரில் தனியே அமர்ந்த ஒரு விட்டிலுக்கு மருந்தடிப்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

‘முன்பெல்லாம் மலையில் விளக்கடியில் எத்தனை பூச்சி! இப்போது இல்லையே’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டும். காடு குறைந்த இடத்தில் பூச்சி குறைவது உண்மை. ஆனால் அன்றைய பாதரச விளக்கு புற ஊதாக் கதிரை மிகுதியாக வீசியது. அது விட்டிலை நெடுந்தொலைவிலிருந்து இழுத்தது. இன்றைய எல்இடி விளக்குக்கு அந்த ஈர்ப்பு குறைவு. ஆகவே வராததையெல்லாம் இல்லாதது என்று கணக்கெழுத முடியாது. எது குறைந்தது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஒரே இடத்தில் ஒரே விளக்கில் ஆண்டுக்கணக்காகப் பார்த்து எழுதி வைத்தவர்கள் வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஹென்றி பார்லோ எழுதிய தென்கிழக்காசிய விட்டில்கள் பற்றிய அறிமுக நூல் 1982இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. ஜெரமி ஹாலோவே போர்னியோ விட்டில்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். தமிழ்ப் பிள்ளைகளிலிருந்தும் இந்த வேலைக்கு ஆள் வரலாம் அல்லவா? 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கம் போன்றவற்றில் மாணவர்கள் சேரலாம்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான இரவு நல்லது. மலையில் மூடுபனி இறங்கினால் இன்னும் நல்லது. கொடிக்கயிற்றில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, அதன் முன் ஒரு விளக்கை வைக்க வேண்டும். விட்டில் ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு 2024இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவான விடை தந்தது. பூச்சிக்கு எப்போதும் முதுகு வானத்து வெளிச்சத்தை நோக்கி இருக்க வேண்டும். விளக்கை வானம் என்று எண்ணி முதுகை அதன் பக்கம் திருப்புகிறது. அதனால் வழி தப்பிச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆசையால் அன்று, தடுமாற்றத்தால் வருகிறது. ஆகவே நாம் அதனை இரவு முழுவதும் தடுமாற விடுவது முறையன்று.

வந்தவற்றைக் கையால் பிடிக்க வேண்டாம். படம் எடுங்கள், குறிப்பேட்டில் நாள், இடம், நேரம், மழையா நிலவா, எத்தனை பூச்சி என்று எழுதுங்கள். முன்னிறகு, பின்னிறகு, வயிறு ஆகிய மூன்றின் நிறத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் இடம் விட்டு வையுங்கள், பிறகு நிரப்பலாம். பார்த்து முடிந்ததும், நள்ளிரவுக்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டு, விரிப்பை மெல்ல உதறிப் பக்கத்துப் புதரில் விட்டுவிடுங்கள். விடியும்வரை எரிய விட்டால், மலைப்பறவைகள் முதல் வெளிச்சத்திலேயே வந்து அந்தச் சுவரைத் துடைத்து வைத்துவிடும். கசப்பானதை மட்டும் விட்டுவைக்கும். எவை எஞ்சின என்று காலையில் எழுந்து பார்த்தால் அதுவும் குறித்து வைக்கத் தக்க செய்திதான்.